ஒரு குதிரை, ஏறுவதற்கு நாலு பேர்: எந்த வழியில் பழக்கினால் தேறும்?

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கப் போகிறவர்கள் சுழி பார்ப்பார்கள், வாயைத் திறந்து பல் பிடித்து வயசு பார்ப்பார்கள், நடக்கவிட்டு நாலு காலையும் பார்ப்பார்கள், விற்கிறவரின் ஆள் ஒருவன் சேணம்கூட இல்லாமல் தாவி ஏறி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியதும் மனசு நிறைந்துபோய்த் துண்டுக்குள் கையை விட்டு விலை பேச ஆரம்பித்துவிடுவார்கள். "ஏனுங்க, இதுமேல வேற யாரெல்லாம் ஏறியிருக்காங்க?" என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அந்தப் பையன் விற்கிறவரோடு போய்விடுவான், குதிரை மட்டும்தான் நம்மோடு வரும்.

அப்புறம் தோட்டத்தில் என்ன நடக்கும் என்பது குதிரை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். வீட்டுப் பையன் ஏறிப் பழகுகிறான், நாலைந்து மாசத்தில் அவனுக்கும் அதற்கும் ஒத்துப்போய்விடுகிறது, அவன் கோயமுத்தூருக்குக் காலேஜ் போனதும் குதிரை கட்டுத்தரையில் நின்ற இடத்திலேயே கொள்ளைத் தின்றுகொண்டு நிற்கிறது. அப்பா ஏறப் போனால் பின்வாங்குகிறது, தங்கச்சி ஏறினால் நிறுத்த முடியாமல் ஓடுகிறது, சித்தப்பா ஏறினால் பின்னங்காலைத் தூக்கி உதறுகிறது. அடுத்த ஆடிக்கு அதே சந்தைக்கு வண்டி ஏறுகிறது. "என்னையத் தவிர ஒருத்தரையும் ஏத்தாதுங்க" என்று மீசையைத் தடவிக்கொண்டு சொல்கிறவர்கள் நம் பக்கம் நிறைய இருக்கிறார்கள், எனக்கு அதில் பெருமை எதுவும் தெரியவில்லை. பாதி பழக்கிய குதிரை அது. அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் அதை வெளியே நடத்திக் கூட்டிப்போக ஆள் கிடையாது, விற்கலாம் என்றாலும் வாங்குகிறவர் ஏறிப் பார்க்க முடியாது.

ஆக, ஒரே குதிரையில் வீட்டில் நாலு பேர் ஏற வேண்டும் என்றால் நம் ஊர்ப்பக்கம் ஆட்கள் எடுக்கிற வழிகள் சில உண்டு: முதல் நாளிலிருந்தே எல்லாரும் மாற்றி மாற்றி ஏறுவது, ஒரே ஆள் முழுக்கப் பழக்கிவிட்டு அப்புறம் மற்றவர்களை ஒவ்வொருவராக ஏற்றுவது, குதிரையேற்றப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது, பழக்குகிறவரைத் தோட்டத்துக்கே வரவழைப்பது, இதெல்லாம் வேண்டாம் என்று ஏற்கெனவே பலரைச் சுமந்து பழகிய வயசான குதிரையாகப் பார்த்து வாங்குவது. என் ஓட்டு இரண்டாவதற்குத்தான், ஆனால் அது எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன்னால் ஓர் அளவு எடுத்துவிடுங்கள், ஏனென்றால் நாலு பேர் என்று நினைத்த கணக்கு இதிலேயே மூன்றாகவோ இரண்டாகவோ குறைந்துவிடலாம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப் பிடித்துச் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள், தோள் முனையிலிருந்து புட்டத்து எலும்பு முனை வரை நீளமும் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் குதிரையின் எடை ஏறக்குறையக் கிலோவில் வந்துவிடும். சுற்றளவு 155, நீளம் 150 என்றால் 303 கிலோ. நம் ஊர்ப்பக்கம் இருக்கிற நாட்டுக் குதிரைகளில் இந்த அளவில் இருப்பவை ஏராளம். சுமை உடம்பு எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட வரம்பு. அமெரிக்காவில் ஓஹியோவில் 2008இல் வந்த ஆய்வு ஒன்றில் 15, 20, 25, 30 சதவீதம் என்று மாற்றி மாற்றிச் சுமை ஏற்றிப் பார்த்தார்கள், 25இலும் 30இலும் தசை வலியும் இறுக்கமும் கூடுதலாகத் தெரிந்தன. 303 கிலோவுக்கு 20 சதவீதம் என்றால் 60 கிலோ, சேணத்துக்கு எட்டுக் கிலோ போனால் மிச்சம் 52. எண்பது கிலோ சித்தப்பா ஏறியதும் உதறுகிறதே, அதற்குத் திமிர் என்று பேர் வைக்கிறோம், முதுகு வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அவருக்கு அந்தக் குதிரை கிடையாது, அவ்வளவுதான். அதைப் பழக்கத்தால் மாற்ற முடியாது.

வயசும் பாருங்கள். மூன்று வயசுக்குக் கீழே யாருமே ஏறக் கூடாது. முதுகெலும்பின் வளரும் பகுதிகள் முழுசாக இறுகுவதற்கு ஐந்து வயசைத் தாண்டிவிடும், அதனால் மூன்று நாலு வயசுக் குதிரையைப் பல பேர் ஏறுகிற குதிரையாக்கும் அவசரமே வேண்டாம்.

சரி, முதல் வழி. குதிரை வந்த ஞாயிற்றுக்கிழமையே ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து ஆளுக்கொரு சுற்று ஏறி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, "ஆரம்பத்துல இருந்தே எல்லாரும் ஏறுனா எல்லாத்துக்கும் பழகிரும்" என்று சொல்லிக்கொள்வது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தொடுவதற்கும், தேய்த்துவிடுவதற்கும், தீனி வைப்பதற்கும், கயிறு பிடித்து நடத்துவதற்கும் இது சரியே, முதல் வாரத்திலிருந்தே வீட்டில் எல்லாரும் செய்யலாம், செய்யவும் வேண்டும். முதுகில் ஏறுவதற்கு மட்டும் சரியில்லை. ஏன் என்றால் குதிரை கற்றுக்கொள்கிற முறை அப்படி. காலால் விலாவை அழுத்துகிறோம், குதிரை ஓர் எட்டு முன்னால் வைக்கிறது, வைத்த அந்த நொடியே அழுத்தத்தை எடுத்துவிடுகிறோம். எடுத்த அந்த நொடியில்தான் "இதைத்தான் கேட்டார்கள்" என்று அதற்குப் புரிகிறது. லகானும் அப்படித்தான், நின்றதும் கை தளர வேண்டும். இப்போது நாலு பேர் ஏறினால் ஒருவர் உடனே தளர்த்துவார், ஒருவர் பத்து எட்டுக்கு அப்புறம் தளர்த்துவார், ஒருவர் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் லகானைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே காலாலும் இறுக்குவார். நில், போ இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் அது என்னதான் செய்யும்? சாதுவான குதிரையாக இருந்தால் எதையும் காதில் வாங்காமல் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும், சூடான குதிரையாக இருந்தால் பயந்து ஓடும்.

ஓடினால் அடுத்து என்ன வரும்? முள் வைத்த கடிவாளம். "இதைப் போடுங்க, யார் ஏறினாலும் நிக்கும்" என்று யாராவது ஒருவர் கொண்டுவந்து கொடுப்பார். சுமை, வண்டி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளில் முள் வைத்த கடிவாளத்துக்குத் தடை இருக்கிறது, சட்டத்தை விடுங்கள், கை நிற்காத புது ஆளின் பிடியில் அது போனால் வாய் கிழியும். வாய் வலித்த குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு ஓடும், இல்லாவிட்டால் முன்னங்காலைத் தூக்கி நிற்கும். எல்லாரும் ஏறலாம் என்று ஆரம்பித்தது யாருமே ஏற முடியாததில் முடிகிற வழி இதுதான். இந்த முதல் வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழிக்குப் பொறுமை வேண்டும். வீட்டில் சவாரி ஓரளவு நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் ஏறிக் குதிரையை ஒரு நிலைக்குக் கொண்டுவருகிறார், அது வரைக்கும் மற்றவர்கள் தரையில்தான். வாரத்துக்கு நாலு நாள் வேலை கொடுத்தால் புதுக் குதிரைக்கு மூன்றிலிருந்து ஆறு மாசம் வைத்துக்கொள்ளலாம். எந்த நிலை வந்தால் அடுத்த ஆளை ஏற்றலாம் என்று கேட்டால், ஏறும்போது கயிறு பிடிக்க ஆள் இல்லாமலே அசையாமல் நிற்க வேண்டும், காலை லேசாக வைத்ததும் நடக்க வேண்டும், உட்காரும் கனத்தை மாற்றி லகானில் விரலை மூடினாலே நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்ப வேண்டும், இதெல்லாம் வேலிக்குள் மட்டும் நடந்தால் போதாது, இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட இட்டேரிப் பாதையிலும் நடக்க வேண்டும், தோட்டத்து மோட்டார் ஓடும்போதும் நடக்க வேண்டும். பல்லடம், உடுமலைப் பக்கம் இருக்கிறவர்கள் காற்றாலை இறக்கையின் நிழல் தரையில் சுற்றுகிற இடத்திலும் ஒரு தடவை கூட்டிப்போய்ப் பார்த்துவிடுங்கள், மாலை வெயிலில் அந்த நிழலைப் பார்த்து மிரளாத குதிரையை நம்பலாம்.

அப்புறம் இரண்டாவது ஆள். யார் ரொம்ப ஆசைப்படுகிறார்களோ அவர்களை முதலில் ஏற்றத் தோன்றும், வேண்டாம். யார் பதற்றப்படாதவரோ அவரை ஏற்றுங்கள், அது பாட்டியாகவே இருந்தாலும் சரி. 2009இல் சுவீடனில் இருந்து வந்த ஆய்வு ஒன்று உண்டு. ஆட்களைக் குதிரையோடு ஒரே இடத்தில் நாலு தடவை போய்வரச் சொன்னார்கள், சிலர் நடத்திக்கொண்டு, சிலர் மேலே உட்கார்ந்து. நாலாவது தடவை போகும்போது பக்கத்தில் குடையைப் பட்டென்று விரிப்போம் என்று முன்கூட்டியே ஆட்களிடம் சொல்லிவிட்டார்கள். கடைசியில் குடையை விரிக்கவே இல்லை, ஆனாலும் ஆளின் இதயத்துடிப்பு ஏறியது, கூடவே குதிரையின் துடிப்பும் ஏறியது. மேலே இருக்கிறவரின் தொடை இறுகுவதும் மூச்சு நிற்பதும் கீழே போய்ச் சேர்ந்துவிடுகிறது. விரியாத குடைக்கான பயத்தையே அப்படி வாங்கிக்கொள்கிற குதிரை, முதல் தடவை ஏறுகிறவரின் பயத்தை என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆள் ஏறுகிற நாளில் சேணம் போடுவதிலிருந்தே எல்லாவற்றையும் அவரே செய்யட்டும், தேய்த்துவிட்டு, குளம்பு பார்த்து, கயிறு பிடித்துக் களத்தில் இரண்டு சுற்று நடத்தி, நிறுத்தி, பின்னால் நகர்த்தி. தரையில் அவர் சொல்வதைக் கேட்காத குதிரை மேலே ஏறியதும் கேட்கப் போவதில்லை. முதல் ஆள் குதிரையின் தலைப்பக்கம் முகக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, புது ஆள் ஒரு கல்லின் மேலோ திண்ணையின் மேலோ நின்று ஏற வேண்டும், தரையிலிருந்து அங்கவடியை, அதாவது சேணத்தில் கால் வைக்கிற வளையத்தை, பிடித்துத் தொங்கி ஏறினால் சேணம் ஒரு பக்கமாக இழுபட்டு முதுகை முறுக்கும், புது ஆளைப் பற்றி அதற்குக் கிடைக்கிற முதல் செய்தியே வலியாகிவிடும். முதலில் லகான் புது ஆள் கையில் வேண்டாம். நீளக் கயிற்றில் வட்டம் விட்டு முதல் ஆள் வாயாலும் கயிற்றாலும் சொல்லட்டும், மேலே இருப்பவர் சும்மா உட்கார்ந்து மூச்சு விட்டால் போதும். ஐந்து நிமிஷம். இறங்கி, முதல் ஆள் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி முடித்துவிடலாம். இப்படி மூன்று நாலு தடவை குதிரை காதை நிம்மதியாக வைத்துக்கொண்டு, வாலை வீசாமல், வாயைப் பிளக்காமல் போன அப்புறம் காலால் கேட்பது புது ஆளுடையதாகட்டும், அதற்கும் அப்புறம் லகான்.

ஒரு நாளில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஆள் புதுசு என்றால் இடமும் சேணமும் நேரமும் பழசாக இருக்கட்டும், புது ஆளை ஏற்றிக்கொண்டு அன்றைக்கே பவானிசாகர் வாய்க்கால் கரையில் கூட்டிப்போகிற வேலை வேண்டாம். இடது பக்கம் மட்டுமே ஏறிப் பழக்கிய குதிரை வலது பக்கம் ஒருவர் வந்து நின்றாலே திடுக்கிடும், ஏனென்றால் ஒரு பக்கத்தில் கற்றதை மறு பக்கத்திலும் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஏறி இறங்கிப் பழக்கிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு இன்னொன்று உண்டு. எட்டு வயசுப் பெண்ணின் கால் சேணத்தின் தோல் மடிப்பைத் தாண்டாது, பெரியவர் கால் வைக்கிற விலாவுக்கு அவள் கால் எட்டவே எட்டாது, அதனால் கால் சொல்லை மட்டும் கற்ற குதிரைக்கு அவள் மேலே இருப்பதே பாதி நேரம் புரியாது. வாய்ச்சொல் இங்கேதான் கை கொடுக்கும். நிற்பதற்கு ஒரு சொல், நடப்பதற்கு ஒன்று, ட்ராட் என்கிற மெதுவோட்டத்துக்கு ஒன்று. "நில்லு" என்பதோ "ஹோ" என்பதோ எதுவாயினும் சரி, அப்பா ஒன்றும் அண்ணன் ஒன்றும் சொல்லக் கூடாது. கட்டுத்தரைச் சுவரில் ஓர் அட்டையில் எழுதி மாட்டிவிடுங்கள், வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இந்த வழியில் செலவு குறைவு, நேரம்தான் அதிகம். பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது: அந்த முதல் ஆள் சரியாக இருக்க வேண்டும். கை கனமான ஆள் ஆறு மாசம் பழக்கினால் அவர் கைக்குப் பழகிய குதிரைதான் வரும், மெல்லிய கை வந்தால் அதற்குக் கேட்காது. அதே மாதிரி, சந்தையில் வாங்கிய குதிரை முன்னால் என்ன வேலை பார்த்தது என்று தெரியாமல் இந்த வழியில் இறங்கக் கூடாது. நம் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் ஆடவிட்ட குதிரைகள் கைமாறி வருகின்றன. கால் ஒரு இடத்தில் பட்டதும் முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கப் பழக்கியிருப்பார்கள், புதுசாக ஏறுகிற பெண்பிள்ளையின் கால் தெரியாமல் அந்த இடத்தில் பட்டுவிட்டால் குதிரை ஒழுங்காக ஆட ஆரம்பிக்கும், அவள் பயந்து லகானை இழுப்பாள், ஆட்டத்துக்குப் பழக்கியதும் அந்த இழுப்பில்தானே, அது இன்னும் ஆடும். ரேக்ளாவில் ஓடிய குதிரை வேறு மாதிரி, பின்னால் வண்டி இருந்த பழக்கம், கண்ணுக்கு இரண்டு பக்கமும் பட்டை கட்டியிருந்த பழக்கம், காலின் அழுத்தம் அதற்கு ஒரு சொல்லே கிடையாது, வாயில் கனம் விழுந்தால் வேகமெடுக்கும். இந்த இரண்டையும் புதுக் குதிரையாக நினைத்து ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பெரியவர்கள் மட்டும் ஏறுகிற வீடு என்றால் செய்யலாம். மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளின் ரத்தம் உள்ளவை கூர்மையானவை, சீக்கிரம் கற்றுக்கொள்ளும், நல்லதை எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறதோ கெட்டதையும் அவ்வளவு சீக்கிரம்.

பையன் வார இறுதிக்கு மட்டும்தான் வருகிறான், தினமும் வேலை கொடுக்க ஆளில்லை என்று சிலர் இந்த வழியையே விட்டுவிடுகிறார்கள். அதற்காக விட வேண்டியதில்லை. 1980இல் அமெரிக்காவில் மட்டக்குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வில், வாரத்துக்கு ஒரு முறை பயிற்சி பெற்றவை தினமும் பயிற்சி பெற்றவற்றைவிடக் குறைந்த எண்ணிக்கைப் பயிற்சிகளிலேயே கற்றுக்கொண்டன. நாள் கணக்கில் நீளும், ஆனால் பாடம் வீணாகாது. மற்ற நாளில் யாராவது கயிற்றில் நடத்திக்கொண்டு போய்வந்தால் போதும். தீனியை மட்டும் வேலைக்குத் தக்கபடி குறைத்துவிடுங்கள், ஐந்து நாள் சும்மா நின்று கொள்ளும் சோளமும் வயிறு முட்டத் தின்ற குதிரை ஆறாவது நாள் யார் ஏறினாலும் துள்ளத்தான் செய்யும், அதைப் புது ஆளின் மேல் பழி போடுவோம். கொழுக்கட்டைப் புல் கிடைக்கிற காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் யோகம், பகலெல்லாம் மேயவிட்டாலே குதிரையின் சூடு பாதி இறங்கிவிடும்.

மூன்றாவது வழி, பள்ளியில் விடுவது. கோவையைச் சுற்றிக் குதிரையேற்றம் சொல்லித்தருகிற இடங்கள் இருக்கின்றன, சில இடங்களில் உங்கள் குதிரையைத் தங்களுடைய வகுப்புக்கும் பயன்படுத்திக்கொண்டு தீனிச் செலவைக் குறைத்துக்கொள்வார்கள். பல ஆட்கள், பல எடை, பல கை, எல்லாவற்றையும் சில மாசத்திலேயே பார்த்துவிடும் என்பதால் சகிப்புத்தன்மைக்கு இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. ஆனால் கற்றுக்கொள்ள வருகிற புது ஆட்களையே தினமும் சுமந்தால் முதல் வழியில் சொன்ன மந்தம் இங்கேயும் வரும், கால் சொல்லுக்கு அசையாது, வாய் கல்லாகிவிடும். அங்கே ஏறியவர்கள் எல்லாருக்கும் பக்கத்தில் ஆசிரியர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. தோட்டத்தில் அவர் கிடையாது, சுற்றுச்சுவர் கிடையாது, கூடப் போகிற நாலு குதிரை கிடையாது. அதனால் பள்ளியில் விடுவதானால் சிலவற்றைப் பேசிக்கொண்டு விடுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், அதிகபட்சம் எத்தனை கிலோ ஆள், வாரத்துக்கு ஒரு நாளாவது அங்கே இருக்கிற நல்ல சவாரிக்காரர் ஒருவர் ஏறிக் குதிரையைத் திருத்தி வைப்பாரா. இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். தொற்று நோய்க்காகவும் கேளுங்கள், பல குதிரை சேர்கிற இடத்துக்குப் போகும் முன் டெட்டனஸ் ஊசியும் கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனையும் முடிந்திருக்க வேண்டும், அங்கே இருக்கிற குதிரைகளுக்கும் முடிந்திருக்கிறதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

என்னைக் கேட்டால் பள்ளிக்கு அனுப்ப வேண்டியது முதலில் ஆட்களைத்தான். அப்பா, பையன், பெண் மூன்று பேரும் ஒரே ஆசிரியரிடம் அந்தப் பள்ளியின் குதிரைகளில் இரண்டு மூன்று மாசம் கற்றுக்கொண்டு வந்தால் மூன்று பேரும் ஒரே மாதிரி உட்காருவார்கள், ஒரே மாதிரி கேட்பார்கள், வீட்டுக் குதிரைக்கு ஆள் மாறுவது பெரிய மாற்றமாகவே தெரியாது. குதிரையை அனுப்புவதைவிட இது பல வீடுகளுக்குச் சகாயமும்கூட.

பழக்குகிறவரை வீட்டுக்கு வரவழைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அவர் வந்து ஒரு மாசம் தங்கி அருமையாகப் பழக்கிவிட்டுப் போவார், அவர் போன மறுநாளே குதிரை பழையபடி இருக்கும், ஏனென்றால் அது அவருக்குப் பழகியது. கடைசிப் பத்து நாள் அவர் ஏறவே கூடாது, வீட்டாட்களை ஏற்றித் தரையில் நின்று சொல்லித்தர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டால் மட்டும் இது இரண்டாவது வழிக்குச் சமம், வீட்டில் சவாரி தெரிந்தவர் யாரும் இல்லாதவர்களுக்கு அதைவிட மேல்.

கடைசி வழியைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து ஒதுக்குகிறவர்கள் அதிகம். பதினாலு பதினைந்து வயசுக் குதிரையா என்று முகம் சுளிப்பார்கள். நன்றாக வைத்துக்கொண்டால் இருபத்தைந்து வயசுக்கு மேலும் வாழ்கிற பிராணி அது, பதினைந்தில் அதற்குப் பல வருஷ லேசான வேலை மிச்சம் இருக்கிறது. பத்து வயசுக்குக் கீழே பிள்ளைகள் ஏறப்போகிற வீடு, பெரியவர்களுக்கும் சவாரி தெரியாத வீடு என்றால் நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். வெள்ளை வெளேரென்ற நுக்ரா இளங்குதிரை பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

வாங்கும்போது மட்டும் சந்தைக் கூட்டத்தில் முடிவெடுக்காதீர்கள். சந்தையில் பார்த்துப் பிடித்திருந்தால் விற்கிறவரின் ஊருக்கே போய்ப் பாருங்கள், சொல்லாமல் போனால் இன்னும் நல்லது, நீங்கள் போகும் முன்னாலேயே வியர்க்க வியர்க்க ஓட்டி அலுக்க வைத்திருக்கிறார்களா, மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்களா என்பது அப்போதுதான் தெரியும். தலை தொங்கி, கீழ் உதடு தளர்ந்து, கூப்பிட்டால் காதைக்கூடத் திருப்பாத குதிரையை அன்றைக்குச் சாது என்று நம்பி வாங்கக் கூடாது, இன்னொரு நாள் போங்கள். முதலில் விற்கிறவரின் ஆள் ஏறட்டும், அடுத்து நீங்கள் கூட்டிப்போன சவாரி தெரிந்த ஒருவர், அப்புறம் வீட்டில் ஏறப் போகிறவர் ஒருவர் கயிற்றுப் பிடியில். மூன்று பேருக்கும் குதிரையின் நடை ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆளுக்கு ஆள் நடை மாறினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எந்த வழி என்றாலும் ஏறுகிறவர் தலையில் சவாரிக்கான ஹெல்மெட் இருக்க வேண்டும், காலில் சின்னக் குதிகால் உள்ள மூடிய ஷூ இருக்க வேண்டும். ரப்பர் செருப்போடு ஏறினால் பாதம் அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும், விழுந்தால் இழுத்துக்கொண்டு போகும். துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொள்ளுங்கள். அங்கவடியின் நீளத்தை ஆள் மாறும்போதெல்லாம் மாற்ற வேண்டும், சோம்பேறித்தனத்தில் அண்ணன் நீளத்திலேயே தங்கச்சி ஏறிவிடுகிறாள், கால் ஊன்ற இடமில்லாமல் லகானைப் பிடித்து நிலைப்படுகிறாள், அதில்தான் பாதிப் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

ஏற்கெனவே வருஷக்கணக்காக ஒரே ஆளுக்குப் பழகிய குதிரை வீட்டில் நிற்கிறது, இப்போது என்ன செய்வது என்பவர்களுக்கும் இரண்டாவது வழிதான், கொஞ்சம் மாற்றி. அந்த ஒரே ஆள் முதலில் தலைப்பக்கம் நிற்க வேண்டும், சில வாரத்தில் களத்து ஓரம் போய் உட்கார வேண்டும், அப்புறம் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட வேண்டும், அந்தக் கடைசிப் படிதான் அவருக்குக் கஷ்டம், ஓடி ஓடி வந்து "இப்படிப் பிடி, அப்படிப் பிடி" என்பார். தீனி வைப்பதையும் அவரிடமிருந்து வாங்கிப் புது ஆள் கையில் கொடுத்துவிடுங்கள். இரண்டு மாசம் இப்படிப் போயும் புது ஆள் வந்தாலே கடிக்கிறது, காதைப் பின்னால் மடக்குகிறது என்றால் பழக்கத்தை நிறுத்திவிட்டு முதுகையும் பல்லையும் காலையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டுகிற தூரத்தில் இருப்பவர்கள் அங்கேயே போகலாம், சேணத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய் முதுகில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடம்பில் குறை எதுவும் இல்லை, ஆனாலும் ஆள் ஏறியதும் முன்னங்காலைத் தூக்கி நேராக நிற்கிறது என்றால் அதை வீட்டாருக்குப் பழக்குகிற பேச்சையே விட்டுவிடுங்கள், பின்பக்கமாகச் சாய்ந்தால் அடியில் இருப்பவர் பிழைக்க மாட்டார். அந்த மாதிரிக் குதிரையை, குதிரை பழக்குவதே தொழிலாக இருக்கிற சவாரிக்காரரிடம் உள்ளதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஏறுகிறவர்களுக்கு வேறு குதிரை பார்க்கலாம்.